ஃப்ளூ தடுப்பூசி வேண்டாம் என்னும் நோயாளியிடம் செவிலியர் எதுவரை பேசலாம்?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் ஃப்ளூ தடுப்பூசி எழுதுகிறார். அதை விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. பலர் வேண்டாம் என்கிறார்கள். மேற்கொண்டு பேசினால் வற்புறுத்துவதாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. பேசாமல் விட்டால் கடமை தவறியதுபோல உறுத்துகிறது. எல்லை எங்கே?

பதில்:

வேண்டாம் என்பவர்களைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நான் சரி என்பவர்களிடமிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளியின் விருப்பம் அதிகம் மிதிபடுவது அங்கேதான். "டாக்டரே எழுதிவிட்டார், நீங்கள் சொன்னால் சரி சிஸ்டர்" என்று சட்டைக் கையை மடித்துவிடும் பெரியவருக்கு அந்த ஊசி எதற்காக, எத்தனை மாதம் காக்கும், மறுநாள் கை வலிக்குமா என்று ஒன்றும் தெரியாது. வெளியே கூட்டம் நிற்கிறதே என்று நாமும் போட்டு அனுப்பிவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து அவருக்குச் சளியும் இருமலும் வருகின்றன. "அவ்வளவு காசு கொடுத்து ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்று தெருவெல்லாம் சொல்கிறார். அடுத்த ஆண்டு அவரும் வரமாட்டார், அவர் பேச்சைக் கேட்ட நான்கு பேரும் வரமாட்டார்கள்.

விவரம் தெரியாமல் சொன்ன "சரி"யும் விவரம் தெரியாமல் சொன்ன "வேண்டாம்" என்பதும் எனக்கு ஒன்றுபோலவே கவலை தருகின்றன. நோயாளி எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தெரிந்து சொன்ன பதிலாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் செவிலியரின் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன். அப்படி எடுத்துக்கொண்டால் வற்புறுத்தலா, கடமையா என்ற குழப்பத்தில் பாதி உடனே நீங்கிவிடும். தெரிவிப்பது வற்புறுத்தல் ஆகாது. தெரிவித்த பிறகும் பதில் மாறவில்லையே என்று துரத்துவதுதான் வற்புறுத்தல்.

என்ன தெரிவிக்க வேண்டும்? முதலில், இந்த ஊசி எதைத் தடுக்காது என்பதை. நம் மக்களைப் பொறுத்தவரை மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்கு, சிக்குன்குனியா, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் அடக்கம். "காய்ச்சல் வராமல் இருக்க ஊசி" என்று நீங்கள் சொன்னால் இவை எதுவும் இனி வராது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அது பொய்யான வாக்குறுதி. இது இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு மட்டும். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று பரவியதே, அந்த வகையும் இதில் சேர்த்தி. மற்ற வைரஸ்களால் வரும் சாதாரணச் சளியைக்கூட இது தடுக்காது என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விளக்கத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பின்னால் வரும் ஏமாற்றத்தில் பெரும்பகுதியை அது தவிர்த்துவிடும்.

அடுத்து, எவ்வளவு தடுக்கும் என்பது. இங்கே மிகைப்படுத்தாதீர்கள். அந்த ஆண்டு பரவும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால் நோயால் மருத்துவரிடம் போக வேண்டிய வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. பொருந்தாத ஆண்டில் அதைவிடக் குறைவு. சதவீதம் சொன்னால் பலருக்குப் புரியாது, நூறு பேர் கணக்கில் சொல்லுங்கள். முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழுவின் கணக்குப்படி, ஊசி போடாத நூறு முதியவர்களில் ஒரு பருவத்தில் சுமார் ஆறு பேருக்கு ஃப்ளூ வந்தது. போட்டவர்களில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு வந்தது. "இவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆறு இரண்டு மூன்றாகக் குறைவதைப் பெரிதாக நினைப்பவரும் உண்டு, அதற்காக ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க மனமில்லாதவரும் உண்டு. இருவருமே கணக்குப் புரிந்துதான் முடிவெடுக்கிறார்கள்.

ஏன் ஆண்டுதோறும் என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்த வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் எந்த வகைகளை ஊசியில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது. ஊசி தரும் பாதுகாப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. போட்டவுடன் காப்பு வந்துவிடாது, சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த நோய் தலைதூக்குவதால், மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மழையில் நனைந்து தும்மிக்கொண்டே வருபவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பயன் குறைவு.

பக்கவிளைவுகளை நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், உடம்புவலி ஆகியவை ஓரிரு நாள் இருக்கலாம். இது செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது, இதனால் ஃப்ளூ வராது. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு வரலாம். அதற்காகத்தான் போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம், அந்த ஒவ்வாமைக்கு உடனே கொடுக்கும் அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். முன்பு ஏதாவது தடுப்பூசிக்கு ஒவ்வாமை வந்ததா, முட்டை ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு, ஆம் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைத் தளரவைக்கும் கில்லன் பாரே நோயைப் பற்றியும் பேசத் தயாராக இருங்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்குக் கை கால் தளர்ந்துபோனபோது அந்தப் பெயர் தமிழ்ச் செய்திகளில் தினமும் வந்தது. அங்கே காரணமாகப் பேசப்பட்டது அசுத்தமான குடிநீர். ஆனால் ஃப்ளூ ஊசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காக நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டபோது, லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக இந்த நோய் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். இன்றைய ஊசிகளில் அந்த ஆபத்து இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில்தான். ஃப்ளூ வந்தவர்களுக்கும் அந்த நோய் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். முன்பு அந்த நோய் வந்து மீண்டவர் என்றால், ஊசிக்கு முன் மருத்துவரோடு தனியாகப் பேச வேண்டும்.

இவை எல்லோருக்கும் பொதுவானவை. உங்கள் எதிரில் இருப்பவருக்கு என்ன லாபம் என்பதை அவருடைய கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்து மீண்டவரா? 2021இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலும் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த சுமார் 2,500 பேரை எடுத்துக்கொண்டது. ஸ்வீடன் முன்னின்று நடத்திய அதில் நம் அண்டை நாடான பங்களாதேஷும் கலந்துகொண்டது. ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசியும் மறு பாதிக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 4.9 சதவீதம், ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம். இதய நோயாளிகளிடம் நான் தயங்காமல் சொல்லும் செய்தி இது. கர்ப்பிணியா? ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அந்த எதிர்ப்பாற்றல் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. டாக்காவில் 340 தாய்மார்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஃப்ளூ வந்தது 63 சதவீதம் குறைந்திருந்தது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒருவர் வேண்டாம் என்கிறார். அந்த ஒரே பதிலுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரியாமல் நீங்கள் ஆய்வுகளை அடுக்கினால் அவர் காதை மூடிக்கொள்வார். "சரிங்க ஐயா. எதனால் வேண்டாம் என்று நினைக்கிறீர்கள், தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கேட்பது, பிறகு "இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?" என்று அனுமதி வாங்குவது, அதன் பிறகு சொல்வது, கடைசியில் "நான் சொன்னதைக் கேட்ட பிறகு என்ன தோன்றுகிறது?" என்று அவரிடமே திரும்ப ஒப்படைப்பது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மகப்பேறு மருத்துவமனைகளில் குழந்தைத் தடுப்பூசி பற்றிப் பெற்றோரிடம் இந்த முறையில்தான் பேசுகிறார்கள். வாதாடாமல் கேட்டுப் பேசியதில் தயக்கம் குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின.

இதற்கு எதிரான யோசனை ஒன்றும் உண்டு. "இன்றைக்கு உங்களுக்கு ஊசி இருக்கிறது" என்று முடிவான குரலில் சொன்னால் அதிகம் பேர் ஒத்துக்கொள்கிறார்கள் என்று குழந்தைத் தடுப்பூசி குறித்த அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண்ணிக்கைதான் குறி என்றால் அது சரியான வழியாக இருக்கலாம். ஆனால் வெள்ளை உடையைப் பார்த்தாலே எழுந்து நிற்கும் மனிதர்களிடம் அந்தக் குரலை நான் பயன்படுத்த மாட்டேன். அவர்கள் ஏற்கெனவே நம் முன் தாழ்ந்து நிற்கிறார்கள். "மருத்துவர் உங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறார், நானும் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் முடிவு உங்களுடையது" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லலாம். பரிந்துரையை மறைத்துவிட்டு "உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொல்வது மரியாதைபோலத் தோன்றும். உண்மையில் அது கைகழுவுவது.

காரணங்களில் நம் ஊரில் நான் அதிகம் கேட்பது பயம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். மரம் நட்டு, மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த மனிதர் அப்படிப் போனதை யாராலும் எளிதில் மறக்க முடியவில்லை. தடுப்பூசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. அந்தச் செய்தி முதல் செய்தி போன வீடுகளுக்கெல்லாம் போகவில்லை. இன்றும் எந்த ஊசியைக் காட்டினாலும் "விவேக்குக்கு என்ன ஆயிற்று?" என்று ஒருவர் கேட்டால், "அதெல்லாம் வதந்தி" என்று வெட்டிவிடாதீர்கள். அவர் சொல்வது வதந்தி ஆகாது. இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சேர்த்து அவராகச் செய்த ஊகம். "அந்தச் செய்தி எங்களையும் உலுக்கியது. பிறகு குழு ஆராய்ந்து இப்படிச் சொன்னது. இது அதே ஊசி கிடையாது, பல பத்தாண்டுகளாகப் போடப்பட்டுவரும் வேறு ஊசி" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நம்புவதா இல்லையா என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பணம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை, பெரும்பாலோர் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு இதில் எவ்வளவு கிடைக்கும்?" என்று மனதுக்குள் கேட்டுக்கொள்பவர்கள் நிறைய. அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தேவையற்ற பரிசோதனைகளுக்குப் பணம் கட்டிய அனுபவம் எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது! விலையை முதலிலேயே சொல்லுங்கள். வெளியே மருந்துக்கடையில் வாங்கினாலும், வேறு இடத்தில் போட்டாலும் பலன் ஒன்றுதான் என்பதையும், வழியெல்லாம் குளிர்ச்சி குறையாமல், உறைந்தும் போகாமல் எடுத்து வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மாதம் இன்சுலின் வாங்கவே கையில் இல்லாதவரிடம் ஃப்ளூ ஊசியை வலியுறுத்துவது நியாயமில்லை. அவருக்கு இன்சுலின்தான் முதலில்.

மூன்றாவது, "நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறேனே, போதாதா?" இதை ஏளனம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அரசே மருத்துவமனைகளில் டெங்கு காலத்தில் ஊற்றிக் கொடுத்த கஷாயம் அது. "தாராளமாகக் குடியுங்கள். இந்த ஊசி செய்யும் வேலை வேறு" என்றால் போதும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற கட்டாயத்தை நாம் ஏன் உண்டாக்க வேண்டும்?

நான்காவது கொஞ்சம் சிக்கலானது: "மகனைக் கேட்டுச் சொல்கிறேன்", "அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்". குடும்பத்தோடு கலந்து பேசுவதும் ஒருவருடைய விருப்பம்தான், அதற்கு நேரம் கொடுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, நாம் மகனிடம் விளக்குகிறோம், மகன் தலையாட்டுகிறார், அம்மாவுக்கு ஊசி இறங்குகிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் செவிலியர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பரிசோதனைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டார்கள். வயது வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, உயிராபத்து இல்லாத நேரத்தில், தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். ஊசி சிறிய விஷயம்தான், ஆனால் முறை அதேதான். மகனுக்கும் சொல்லுங்கள், ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன தோன்றுகிறதம்மா?" என்ற கேள்வி அவரிடம் போக வேண்டும்.

தடுப்பூசிக்கென்றே ஒரு தீர்ப்பும் இருக்கிறது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும், யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பொதுநலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அது கொரோனா காலத்து வழக்கு. அவ்வளவு பெரிய தொற்றின்போதே கட்டாயம் கூடாதென்றால், ஃப்ளூவுக்காக ஒரு வெளிநோயாளி அறையில் நாம் குரலை உயர்த்த என்ன இடம் இருக்கிறது?

எல்லை எங்கே என்று கேட்டீர்கள். "போடாவிட்டால் அடுத்த முறை இங்கே வராதீர்கள்" என்பது எல்லைக்கு வெளியே. வரிசையில் நிற்கும் மற்றவர்கள் காதில் விழும்படி "இவர் படித்தவர், இவரே பயப்படுகிறார்" என்பதும், பயத்தைக் கிளப்ப வென்டிலேட்டர் கதைகளைச் சொல்வதும், மறுத்தவருக்கு மாத்திரைச் சீட்டைத் தாமதமாகக் கொடுப்பதும் அப்படியே. பாதி உண்மை சொல்வதும் அந்தப் பக்கம்தான், அது நம் கட்சிக்குச் சாதகமான பாதியாக இருந்தாலும். ஒரே வருகையில் இரண்டாம் முறை வேண்டாம் என்று சொன்னவரிடம் மூன்றாம் முறை நான் கேட்பதில்லை.

"நீங்கள் போட்டுக்கொண்டீர்களா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். போட்டுக்கொண்டிருந்தால் அதைவிட வலுவான பரிந்துரை வேறில்லை. போடவில்லை என்றால் மழுப்பாதீர்கள், நோயாளிகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சுகாதாரப் பணியாளர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது, நானும் அதைத்தான் சொல்வேன்: நம் வழியாக நோய் ஒரு பலவீனமான நோயாளிக்குப் போகக் கூடாது. அதே சமயம், கனடாவின் ஒன்டாரியோவில் ஊசி போடாத செவிலியர் பருவம் முழுக்க முகக்கவசம் அணிய வேண்டும் என்ற மருத்துவமனை விதியை எதிர்த்துச் செவிலியர் சங்கம் போராடியது. 2015லும் 2018லும் நடுவர்கள் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நமக்கென்று வரும்போது தெரிவு வேண்டும் என்று போராடும் நாம், கட்டிலில் இருப்பவருக்கு அதைக் குறைத்துக் கொடுக்க முடியாது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பீர்கள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போது "ஃப்ளூ ஊசி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி. அவர் பதிலில் எது இல்லையோ அதை மட்டும் நிரப்பினால் போதும். மீதியை ஒரு பக்கத் துண்டுத்தாளில், பெரிய எழுத்தில், விலையோடும் பக்கவிளைவோடும் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

மறுத்தவரின் கேஸ் ஷீட்டில் "ஃப்ளூ தடுப்பூசி விளக்கப்பட்டது, இப்போது வேண்டாம் என்றார்" என்று தேதியோடு எழுதுங்கள், அவர் சொன்ன காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். "இப்போது" என்பது முக்கியம். "ஒத்துழைக்கவில்லை", "பிடிவாதம்" போன்ற சொற்கள் வேண்டாம். அடுத்த செவிலியர் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவை தீர்ப்பு எழுதிவிடும். கையெழுத்து வாங்கச் சொன்னால், அது விளக்கம் பெற்றதற்கான கையெழுத்து என்று சொல்லி வாங்குங்கள். அவரைப் பயமுறுத்தும் தாளாக அது மாறக் கூடாது. மூச்சுத்திணறலோ இரண்டு மூன்று நாளில் இறங்காத காய்ச்சலோ வந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஊசி போடாதவர் என்பதால் திட்டு விழும் என்று பயந்து அவர் தாமதிக்கக் கூடாது.

மாதக் கடைசியில் மேட்ரன் எத்தனை ஊசி போனது என்று எண்ணிக்கை கேட்டால், எத்தனை பேருக்கு விளக்கினீர்கள், மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்ற பட்டியலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். பாதிப் பேர் விலையைச் சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் நிர்வாகத்தில் இருக்கிறார்.